பூவுக்குக் காத்திருக்காதீர்கள்: களைச்செடிகளைக் கணுவில் அடையாளம் காண்பது

வடகிழக்குப் பருவமழை பிடித்துப் பத்து நாள் ஆனால் போதும். தரிசு, வரப்பு, கொல்லை, சாலையோரம் எல்லாம் பச்சையாகிவிடும். அந்தப் பச்சையில் கீரையும் இருக்கும், மருந்தும் இருக்கும், பயிரின் உரத்தைத் தின்னும் களையும் இருக்கும், ஆளைக் கொல்லும் நஞ்சும் ஓரிரண்டு இருக்கும். முளைத்த புதிதில் இவற்றில் பாதி ஒன்றைப் போலவே ஒன்று தெரியும்.

இணையத்தில் சுற்றும் மூலிகைப் படங்கள் பெரும்பாலும் பூவை நெருங்கி எடுத்தவை. பார்க்க அழகு, வயலில் உதவாது. களை எடுக்க வேண்டிய பதினைந்து, இருபதாம் நாளில் செடியில் பூ ஏது? பூத்த பிறகு பெயர் தெரிந்துகொண்டால், அதற்குள் அடுத்த போகத்துக்கான விதை மண்ணில் விழுந்திருக்கும். கீரை பறிப்பவர்களுக்கும் இதே நிலைதான்: பூக்கும் முன்னால் இருக்கும் தளிரைத்தான் பறிக்கிறோம். அதனால் பூ இல்லாமலே செடியைச் சொல்லப் பழகுவதுதான் உண்மையான பயிற்சி என்பது என் உறுதியான கருத்து.

செடியைக் கையில் எடுத்ததும் கணுவைப் பாருங்கள். கணுவுக்கு ஓர் இலை என்றால் மாற்றிலை அமைப்பு. நேரெதிரே இரண்டு என்றால் எதிரிலை அமைப்பு. உயரமும் இலையின் அகலமும் மண்ணுக்கும் தண்ணீருக்கும் தக்கபடி மாறிக்கொண்டே இருக்கும். நிழலில் வளர்ந்த குப்பைமேனியின் இலையையும், வெயிலில் காய்ந்த தரையில் வளர்ந்த குப்பைமேனியின் இலையையும் அருகருகே வைத்தால் வேறு வேறு செடி என்றே தோன்றும். இரண்டிலும் மாறாதது கணுவுக்கு ஓர் இலை என்பது. ஓர் எச்சரிக்கை: பல செடிகளில் அடியிலிருக்கும் முதல் இரண்டு கணுக்கள் ஏமாற்றும். மாற்றிலைச் செடிகூட நாற்றில் எதிரிலை போலத் தெரியும். நான்கைந்து கணு மேலே போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அடுத்து, கையில் இருப்பது இலையா, கூட்டிலையின் ஒரு சிற்றிலையா என்று தெரிய வேண்டும். காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் மொட்டு இருந்தால் அது முழு இலை. சிற்றிலையின் அடியில் மொட்டு வராது. தகரையில் இரண்டிரண்டாக மூன்று ஜோடி சிற்றிலைகள் ஒரே காம்பில் இருக்கும். மொட்டோ அந்தப் பொதுக்காம்பின் அடியில் மட்டும்தான் இருக்கும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் நிறையக் குழப்பம் தானாகத் தீரும்.

பிறகு ஓர் இளங்காம்பை ஒடித்துப் பாருங்கள். வெள்ளைப் பால் வருகிறதா, நிறமற்ற சாறா? கோடை வெயிலில், உச்சிப் பொழுதில் ஒடித்தால் பால் வரத் தயங்கும். காலையில், நுனிக் கொழுந்தில் ஒடித்துப் பாருங்கள். பார்த்த கையைக் கழுவாமல் கண்ணைத் தொட வேண்டாம். கடைசியாக வேரோடு பிடுங்க வேண்டும். மண்ணுக்கு மேலே இருப்பதை மட்டும் பார்த்துச் சொல்வது பாதி வேலை.

புல்லும் கோரையும்

நெல் வயலில் மூன்று கேள்வி: புல்லா, கோரையா, அகன்ற இலைக் களையா? களைக்கொல்லியின் தேர்வு முழுவதும் இந்தப் பதிலில்தான் இருக்கிறது. 2,4-டி அகன்ற இலைக் களைகளையும் சில கோரைகளையும் அடிக்கும், புல்லை ஒன்றும் செய்யாது. அதைக் குதிரைவாலிப் புல் மண்டிய வயலில் அடித்தால் பணமும் போகும், நாளும் போகும்.

தண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டினால் கோரையில் மூன்று விளிம்பு தட்டுப்படும். தண்டின் உள்ளே கெட்டியாக இருக்கும், கணு இருக்காது, இலைகள் மூன்று திசையில் பிரியும். புல்லின் தண்டு உருண்டை. கணு நன்றாகத் தெரியும், கணுக்களுக்கு நடுவே பெரும்பாலும் குழல், இலைகள் இரண்டு பக்கமாகப் பிரியும். கோரைக் குடும்பத்திலும் உருண்டைத் தண்டுச் செடிகள் உண்டு. அதனால் விளிம்பு இல்லை என்பதை மட்டும் வைத்துப் புல் என்று முடிவு கட்டாமல், கணுவையும் இலை பிரியும் திசையையும் சேர்த்துப் பாருங்கள்.

நெல் நாற்றையும் குதிரைவாலிப் புல்லையும் பிரிக்கத் தெரியாமல் நாற்றங்காலிலிருந்தே களையை நட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. இலையை மெதுவாகப் பின்னால் வளைத்து, இலைப்பரப்பும் தண்டைச் சுற்றியிருக்கும் இலையுறையும் சேரும் இடத்தைப் பாருங்கள். நெல்லில் அந்த இடத்தில் காகிதம் போன்ற வெள்ளைச் சவ்வு, நுனி இரண்டாகப் பிளந்து நிற்கும். அதன் இரு பக்கமும் அரிவாள் போல வளைந்த, மயிர் உள்ள சிறு காதுகள் இருக்கும். குதிரைவாலிப் புல்லில் சவ்வும் இல்லை, காதும் இல்லை, அந்த இடம் வழவழவென்று இருக்கும். கைப்பிடி நாற்றில் ஐந்தாறை இப்படிப் பார்த்துப் பழகினால் பிறகு கை தானாகப் பிரிக்கும்.

லெப்டோகுளோவா என்ற புல்லும் இப்போது நேரடி நெல் விதைப்பு வயல்களில் தொல்லையாக நிற்கிறது. இதில் சவ்வு உண்டு, ஆனால் நுனி மயிர் போலக் கிழிந்திருக்கும், காது இல்லை. கதிர் மிக மெல்லிய இழைகளாக, செம்பழுப்பாக விரியும். இதைக் குதிரைவாலிப் புல் என்று எண்ணி பிஸ்பைரிபாக் சோடியம் என்ற களைக்கொல்லியை அடிப்பவர்கள், மருந்து போலி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள். அந்த மருந்து குதிரைவாலிப் புல்லை நன்றாகக் கட்டுப்படுத்தும், லெப்டோகுளோவாவில் சரியாக வேலை செய்யாது. கோளாறு அடையாளத்தில்தான்.

கோரைகளுக்குள்ளும் பிரிவு தெரிய வேண்டும். நெல் வயலில் வரும் சைப்பரஸ் இரியா ஓராண்டுச் செடி. பிடுங்கினால் மஞ்சளும் சிவப்பும் கலந்த சல்லிவேர் மட்டும் வரும், அதோடு கதை முடிந்தது. மேட்டு நிலத்துக் கோரையான சைப்பரஸ் ரோட்டுண்டஸ் அப்படியில்லை. பிடுங்கினால் தண்டு கையோடு வரும், கிழங்கு மண்ணில் தங்கும். மண்வெட்டியால் தோண்டினால் கிழங்குகள் மெல்லிய இழையில் சரமாகக் கோத்திருப்பதைப் பார்க்கலாம். முகர்ந்தால் குளியல் பொடியில் சேர்க்கும் கோரைக்கிழங்கின் வாசம் வரும்.

இந்தச் சரம்தான் எல்லாச் சிக்கலுக்கும் காரணம். சரமாக இருக்கும்வரை நுனிக் கிழங்கு மட்டும் முளைத்து மற்றவற்றை அடக்கி வைக்கும். ஒரு தடவை ரோட்டவேட்டர் ஓட்டிச் சரத்தைத் துண்டாக்கினால், அடங்கிக் கிடந்த கிழங்கு ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைக்கும். உழுத பிறகு கோரை அதிகமாகிவிட்டது என்று பலர் சொல்வது இதனால்தான். உழுவது தப்பில்லை, ஒரே தடவையோடு விடுவதுதான் தப்பு. பெரும்பாலான கிழங்கு மேல் 15 சென்டிமீட்டர் மண்ணுக்குள் இருக்கும். சித்திரை வெயிலில் உழுது, கிழங்கை மேலே புரட்டிக் காயப்போட வேண்டும். மீண்டும் முளைப்பவற்றை மூன்று வாரத்துக்குள், அதாவது புதுக் கிழங்கு கட்டும் முன்னால், மறுபடி உழ வேண்டும். ஈரமான மண்ணில் இதைச் செய்தால் எதிர்ப்பலன்தான். கோரைக்கு நிழல் ஆகாது என்பதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். சணப்பை, தக்கைப்பூண்டு நெருக்கமாக விதைத்து மூடவிட்டால் கோரை நலிந்துபோகும்.

சாரணை, மூக்கிரட்டை, பருப்புக்கீரை

தரையோடு படரும் இந்த மூன்றையும்போல மாற்றி எடுக்கப்படும் செடிகள் குறைவு. மூக்கிரட்டை வேர் என்று விற்கும் சரக்கில் சாரணை வேர் கலந்து வருவது மருந்துச்சரக்குத் துறையில் பழைய புகார்.

குழப்பத்துக்கு நியாயமான காரணம் உண்டு. சாரணை, மூக்கிரட்டை இரண்டிலும் எதிரிலை. இரண்டிலும் ஒரு கணுவின் ஜோடி இலைகளில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். காம்பின் அடியைப் பாருங்கள். சாரணையில் காம்பின் அடி அகன்று, சவ்வாகி, தண்டைச் சுற்றி ஒரு சிறு கிண்ணம்போல நிற்கும். பூவும் காயும் அந்தக் கிண்ணத்துக்குள் புதைந்திருக்கும். வெள்ளையோ வெளிர் ரோஜா நிறமோ உள்ள ஒற்றைப் பூ, காம்பே கிடையாது. மூக்கிரட்டையில் கிண்ணம் இல்லை. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெளுத்திருக்கும், விளிம்பு அலைபோல நெளியும். பூக்கொத்து மெல்லிய நீண்ட கிளைக்காம்புகளில் வெளியே நீண்டு நிற்கும். கடுகளவு பூக்கள், ஆழ்ந்த ரோஜா நிறம். காய் பிசுபிசுப்பாக வேட்டியிலும் ஆட்டின் மயிரிலும் ஒட்டிக்கொள்ளும்.

வேர் இன்னும் தெளிவாகச் சொல்லும். மூக்கிரட்டை பல்லாண்டுச் செடி, ஆணிவேர் பருத்து ஆழமாக இறங்கும். தரைமட்டத்தில் அறுத்தால் திரும்பத் துளிர்க்கும். சாரணை ஓராண்டுச் செடி, முளைத்த ஒரு மாதத்துக்குள் பூத்துக் கறுப்பு விதைகளைக் கொட்டிவிடும். பருத்தி, நிலக்கடலை வயலில் சாரணையை முதல் களையெடுப்பிலேயே பிடிக்காவிட்டால் அந்த ஆண்டுக்குள்ளேயே அடுத்த தலைமுறையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

பருப்புக்கீரையின் இலை தடித்து, வழவழப்பாக, ஆப்பு வடிவில் இருக்கும். மாற்றிலையாகவும் சில இடத்தில் கிட்டத்தட்ட எதிரிலையாகவும் வந்து, கிளை நுனியில் கொத்தாகக் கூடும். ஜோடியில் பெரிது சிறிது என்ற பேதம் இல்லை, கிண்ணமும் இல்லை. பூ மஞ்சள். இதைப் பறிப்பவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது ஒடித்துப் பார்ப்பது. இதனோடு சேர்ந்தே படரும் சித்திரப்பாலாடைக்கும் சிறு இலை, செந்நிறத் தண்டு. ஒடித்தால் பால் வரும். பால் வந்தால் கீரைக்கூடையில் போடாதீர்கள். விவசாயிகளுக்கு ஒரு குறிப்பு: பருப்புக்கீரையைப் பிடுங்கி ஈர வரப்பிலேயே போட்டால் தண்டுத் துண்டு ஒவ்வொன்றும் வேர்விடும். வயலுக்கு வெளியே கொண்டுபோய்க் காயவிடுங்கள்.

கீழாநெல்லி

பெயர் தெரியாதவர் இல்லை, சரியாகப் பறிப்பவர்தான் குறைவு. பார்த்தால் கூட்டிலை போலத் தெரியும் பகுதி உண்மையில் ஒரு கிளை. சிற்றிலை போலத் தெரியும் ஒவ்வொன்றின் கக்கத்திலும் பூவும் காயும் வருவதே அதற்குச் சாட்சி. நடுத்தண்டில் இயல்பான இலையே இருக்காது. இலையெல்லாம் பக்கக் கிளைகளில்தான். காய்கள் சிறு காம்போடு கிளையின் அடியில் வரிசையாகத் தொங்கும்.

இதே போலவே வளரும் சிவப்புக் கீழாநெல்லியும் இதே இடங்களில் முளைக்கும். தண்டு பெரும்பாலும் சிவந்திருக்கும், ஆனால் நிறத்தை நம்ப வேண்டாம். வெயிலில் நின்ற பச்சைக் கீழாநெல்லியும் சிவக்கும். காயைப் பாருங்கள். கீழாநெல்லியின் காய் வழவழப்பு, காம்பு உண்டு. சிவப்பு வகையின் காய் மேலே கரடுமுரடு, காம்பு இல்லாமல் கிளையோடு ஒட்டியிருக்கும். ஒரு சிறு உருப்பெருக்கி இருந்தால் போதும். பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடி எல்லாச் செடிக்கும் உதவும். கண்ணுக்கு அருகில் கண்ணாடியை வைத்துக்கொண்டு, செடியை அதை நோக்கிக் கொண்டுவர வேண்டும். பலர் தலைகீழாகச் செய்து, ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

பழைய நூல்கள் கீழாநெல்லிக்கு பில்லாந்தஸ் நிரூரி என்று பெயர் போட்டிருக்கும். அது அமெரிக்கச் செடி. நம் வரப்பில் நிற்பது பில்லாந்தஸ் அமாரஸ்.

மஞ்சள் கரிசாலை என்று பறிப்பது

வெள்ளைக் கரிசலாங்கண்ணியில் பெரிய குழப்பம் இல்லை. வாய்க்கால் ஓரம், எதிரிலை, காம்பில்லாத நீண்ட இலை, தடவினால் சொரசொரப்பு, தண்டைக் கசக்கினால் சற்று நேரத்தில் கறுக்கும். மஞ்சள் கரிசாலையில்தான் தவறு நடக்கிறது. பூங்காக்களிலும் சாலை நடுத்திட்டுகளிலும் பாய் விரித்ததுபோல மஞ்சள் பூவோடு படர்ந்திருப்பது ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டுக் கட்டுமீறிப் பரவிய செடி. அதன் இலையில் இரு பக்கமும் ஒவ்வொரு மடல் பிரிந்து, நுனியோடு சேர்த்து மூன்று மடலாகத் தெரியும். உண்மையான மஞ்சள் கரிசாலையின் இலை மடல் இல்லாமல் நீண்டு குறுகியிருக்கும். பூவை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பூங்காவில் பறித்து மஞ்சள் காமாலைக்கு அரைத்துக் குடிப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

பார்த்தீனியம்

1955இல் புனேயில் கவனிக்கப்பட்டு, பிறகு நாடு முழுவதும் பரவியது. பூத்த பார்த்தீனியத்தை எல்லோருக்கும் தெரியும். தெரிய வேண்டியது அதன் தரைப்பருவம். முளைத்த முதல் சில வாரம் தண்டே இல்லாமல், ஆழமாக வெட்டுண்ட இலைகள் தரையோடு வட்டமாகப் படிந்திருக்கும். வெளிர் பச்சை, மெல்லிய மயிர். துலுக்கச் சாமந்தி நாற்று என்று தண்ணீர் ஊற்றி வளர்ப்பவர்கள் உண்டு. சாமந்தியைக் கசக்கினால் அதன் காட்டமான வாசமே காட்டிக்கொடுத்துவிடும். அதன் அடிக்கணுக்களில் எதிரிலை, பார்த்தீனியத்தில் மாற்றிலை. மலைப்பகுதியில் மாசிபத்திரியோடும் குழப்பிக்கொள்கிறார்கள். மாசிபத்திரியின் இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளைப் பஞ்சுபோல இருக்கும், பார்த்தீனியத்தில் அது இல்லை.

பிடுங்க ஏற்ற பருவம் இந்தத் தரைப்பருவம்தான், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது. கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் பழகப் பழகக் கூடுமே தவிரக் குறையாது. அரிவாளால் அறுத்தால் அடியிலிருந்து பல கிளையாகத் துளிர்க்கும், வேரோடுதான் எடுக்க வேண்டும். இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டு ஒன்று 1984இல் பெங்களூரில் விடப்பட்டது. பாலேட்டு நிறத்தில் பழுப்பு வரிகளோடு இருக்கும் அந்த வண்டைச் செடியில் பார்த்தால் மருந்தடித்துக் கொன்றுவிடாதீர்கள்.

கீரைக்கூடையில் வேறு சில

குப்பைக்கீரையின் இலை நுனியில் சிறு வெட்டு இருக்கும், விளிம்பு நேராக ஓடும். அதே குப்பைமேட்டில் நிற்கும் குப்பைமேனிக்கு விளிம்பில் பல், நீண்ட காம்பு, கக்கத்தில் பெண்பூவைத் தாங்கும் பச்சைக் கிண்ணங்கள். குப்பைமேனியைக் கீரையாக உண்ண வேண்டாம். பிறவியிலேயே ஜி6பிடி நொதி குறைந்தவர்களுக்கு இது இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அந்தக் குறை இருப்பது பலருக்குத் தெரியாது. முள்ளுக்கீரையின் கணுவில் இரண்டு கூர்முள், வேறு சோதனை தேவையில்லை. ஆரைக்கீரைக்கு நான்கு சிற்றிலை. பெரணி இனம், பூக்கவே பூக்காது. புளியாரைக்கு மூன்று சிற்றிலை, நுனியில் இதய வெட்டு, மஞ்சள் பூ, நாக்கில் புளிப்பு. நல்வேளைக்கு ஐந்து சிற்றிலை, வெள்ளைப் பூ. நாய்வேளையின் பூ மஞ்சள், செடி முழுக்கப் பிசுபிசுப்பு.

தவறினால் உயிரையே கேட்கும் செடி கண்வலிக்கிழங்கு, நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு. பூத்திருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். பூ உதிர்ந்து, கொடி காய்ந்த பிறகு தோண்டும்போதுதான் வள்ளிக்கிழங்கு என்று எண்ணி எடுத்துவிடுகிறார்கள். காயாத கொடியாக இருந்தால் இலை நுனியைப் பாருங்கள். செங்காந்தளில் இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு கிளையைப் பிடித்துக்கொள்ளும். வள்ளிக்கொடியில் தண்டுதான் சுற்றி ஏறும், இலை அகன்ற இதய வடிவம். கிழங்கு மட்டும் கிடைத்தால், கலப்பைபோல வளைந்து கவைத்திருக்கிறதா என்று பாருங்கள். கலப்பைக்கிழங்கு என்ற பெயரும் அதற்கு உண்டு. அதிலிருக்கும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு வேகவைத்தாலும் போகாது. சந்தேகம் இருக்கும் கிழங்கைச் சமைக்கவே கூடாது. தின்றுவிட்டது தெரிந்தால் வாந்தி, பேதி தொடங்கும்வரை காத்திராமல், மிச்சக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

படமும் பதப்படுத்தலும்

கைப்பேசிச் செயலிகள் பூத்த செடியை ஓரளவு சரியாகச் சொல்கின்றன. நாற்றிலும் புல்லிலும் தடுமாறுகின்றன. ஆளிடம் கேட்பதானாலும் செயலியிடம் கேட்பதானாலும் ஒரே படம் போதாது. முழுச்செடி, கணு, இலையின் மேல்பக்கம், இலையின் அடிப்பக்கம், பூவோ காயோ இருந்தால் பக்கவாட்டில் ஒன்று, வேர். அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தை அருகில் வையுங்கள். பால் வந்ததா, என்ன வாசம், எந்த மண், ஈரமா வறட்சியா என்று எழுதிக்கொள்ளுங்கள். இவை படத்தில் வராது.

உறுதியான பெயர் வேண்டுமென்றால் செடியை அழுத்திக் காயவையுங்கள். வேரோடு எடுத்து, மண்ணைக் கழுவி, ஈரம் ஒற்றி, செய்தித்தாளுக்கு நடுவே விரிக்கவும். நீளமான செடியை வெட்டாமல் முறித்து மடக்கி வைக்கலாம். ஓரிரு இலையையாவது அடிப்பக்கம் தெரியத் திருப்பி வையுங்கள். மேலே பலகை வைத்துக் கனம் ஏற்ற வேண்டும். முதல் மூன்று நான்கு நாள் தினமும் தாளை மாற்றுங்கள், மழைக்காலத்தில் காலையும் மாலையும். இதில் சோம்பினால் பூஞ்சணம் பிடித்து இலை கறுத்துவிடும். சாரணை, பருப்புக்கீரை போன்ற சதைச்செடிகள் தாளுக்குள் வைத்த பிறகும் உயிரோடிருந்து வளரப் பார்க்கும், இலையை உதிர்க்கும். அவற்றைக் கொதிநீரில் சில நொடி முக்கி எடுத்து ஒற்றிவிட்டுத்தான் அழுத்த வேண்டும்.

காய்ந்த மாதிரியோடு ஊர், நாள், பூவின் நிறம், செடியின் உயரம் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். சீட்டு இல்லாத மாதிரியை எந்த நிபுணரும் விரும்ப மாட்டார். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும், திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவர நிலையமும் இருக்கின்றன. பூவும் காயும் வேரும் உள்ள இரண்டு மாதிரிகளாகக் கொண்டுபோங்கள். ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் இருக்கட்டும், பெயர் எழுதிய மற்றொன்று உங்களிடம் இருக்கட்டும்.